ஆண்டுக்கு ஆண்டு மாறும் ஊசி

ஃப்ளூ தடுப்பூசி போட்டதும் பலருக்குக் கை வலிக்கும். சிலருக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலடிக்கும். செயலிழக்கச் செய்த வைரஸில் தயாராகும் ஊசியால் ஃப்ளூ வராது. பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டது இது. ஆனாலும் ‘பயப்படாதீர்கள், பாதுகாப்பானது’ என்று மருத்துவர்கள் பேச்சை முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தட்டம்மை ஊசி போல ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பதல்ல இது. வைரஸ் உருமாறுவதால் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் சேர்மானம் மாறுகிறது. மாறியதைப் பல்லாயிரம் பேரிடம் சோதித்துப் பார்க்க அவகாசம் இருப்பதில்லை. முந்தைய ஆண்டுகளின் நல்ல பெயரை நம்பித்தான் புதிய ஊசி வெளிவருகிறது.

அந்த நம்பிக்கை 2010இல் பொய்த்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2008 முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போட்டுவந்தது. 2010 ஏப்ரலில், ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே கடும் காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகளை பெர்த் மருத்துவமனைகளுக்குத் தூக்கிவந்தார்கள். வழக்கமாக எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஏப்ரல் 23 அன்று நாடு முழுவதும் அந்த வயதினருக்கு ஊசி நிறுத்தப்பட்டது. பெரும்பாலான குழந்தைகள் தேறினர். ஒரு சிறுமிக்கு மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

கோளாறு சிஎஸ்எல் நிறுவனத்தின் ‘ஃப்ளூவாக்ஸ்’ ஊசியில் இருந்தது. வைரஸைச் சிதைக்கச் சேர்க்கும் வேதிப்பொருளின் அளவு அவ்வாண்டின் புதிய வைரஸ் வகைகளுக்குப் போதவில்லை. மிஞ்சிய கொழுப்பும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் குழந்தைகளின் உடலில் காய்ச்சலைக் கிளப்பின என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனால் பெற்றோர் ஊசி என்றாலே அஞ்சினார்கள். அந்த மாநிலத்தில் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போடுவது சரிந்து, பல ஆண்டுகள் மீளவே இல்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். யாராவது புகார் எழுதி அனுப்பினால்தான் தெரியவரும் என்ற கண்காணிப்பை நம்பி அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊசி போட்டிருந்தார்கள்.

ஆஸ்திரேலியா அதைத் திருத்தியது. 2014இல் தொடங்கிய ‘ஆஸ்வாக்ஸ்சேஃப்டி’ திட்டத்தில், ஊசி போட்ட சில நாளில் பெற்றோரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது: குழந்தைக்கு ஏதாவது ஆனதா? இந்த முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. நல்ல பெயரை நம்பி இருந்துவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் கேட்டுப் பார்க்கிறார்கள்.

நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய்தான் பெரியவர்களின் அச்சம். 1976இல் அமெரிக்காவின் பன்றிக்காய்ச்சல் ஊசி, லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு அதை வரவழைத்தது. டிசம்பரில் அத்திட்டத்தையே நிறுத்தினார்கள். இன்றைய ஊசிகளில் அந்த ஆபத்து இருந்தாலும், பத்து லட்சம் பேருக்கு ஒன்றிரண்டுதான். ஃப்ளூவே அந்த நோயைக் கொண்டுவருவது அதைவிட அதிகம். வைரஸ் வகை பொருந்திய ஆண்டுகளில்கூட 40 முதல் 60 விழுக்காடு வரையே காக்கும் ஊசி என்பதால், நல்ல உடல்நலமுள்ள இளைஞர் தயங்கினால் அவரோடு நிதானமாகப் பேசலாம். முதியவர், கர்ப்பிணி, இதய நோயாளி, ஆஸ்துமாக்காரர் என்றால் போட்டுக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். எந்த நிறுவனத்தின் ஊசி, எந்த ஆண்டுக்கானது, காய்ச்சல் அடித்தால் யாரிடம் சொல்வது என்பதை மருத்துவமனை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கட்டும்.