ஷிப்ட் முடிந்த பின் வாசித்தவை

ஓசூரில் புத்தகம் வாசிப்பவன், தான் அறியாமலே, அதைச் செவியாலும் சோதித்துப் பார்க்கிறான். விடியற்காலை ஆறு மணிக்கு முன், சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்துத் தேநீர்க் கடையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கையில், கடைக்காரர் சில்லறையைத் தெலுங்கில் எண்ணுவார்; பால்காரரிடம் கன்னடத்தில் கணக்குப் பேசுவார்; எனக்குச் சர்க்கரை போடலாமா என்று தமிழில் வினவுவார்; வடக்கேயிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியிடம் அரைகுறை இந்தியில் பாக்கியைக் கேட்பார். இத்தனையும் ஐந்து நிமிஷத்துக்குள் காதில் விழுந்தபின் பஸ்ஸில் ஏறி நாவலைப் பிரித்தால், அதில் வரும் சகலரும் ஒரே வார்ப்பான தமிழில் சம்பாஷிப்பது கொஞ்சம் உறுத்தவே செய்யும். அண்மையில் நான் வாசித்த தன்வரலாறுகளையும் நாவல்களையும் பற்றிய இந்த அபிப்பிராயங்கள் அந்த உறுத்தலில் பிறந்தவை.

நினைவு நூல்களில் முதலாவது கென்னத் ஆண்டர்சனுடையது. 1954இல் தொடங்கி ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய வேட்டை நூல்களில், ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று நாம் பஸ் பலகையில் அன்றாடம் காணும் பெயர்களெல்லாம் இருளும் மூங்கிலும் அடர்ந்த பிரதேசங்களாக மாறிவிடுகின்றன. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியை, ஆண்புலி துணையை அழைக்கும் குரலைத் தம் தொண்டையிலேயே எழுப்பி அவர் வரவழைத்துச் சுடுகிறார். அந்த வெற்றியைச் சொல்லும் இடத்திலேயே வஞ்சித்துவிட்டோம் என்ற கூச்சமும் படிந்திருப்பதனால்தான், வெறும் வேட்டைப் பிரதாபமாக முடிந்திருக்க வேண்டியது இலக்கியத்தின் எல்லையைத் தொடுகிறது. இவர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் அதிகாரியாக உத்தியோகம் பார்த்தவர் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். யந்திரங்களின் நடுவே சம்பாதித்த மனிதரின் நெஞ்சு என்னவோ காட்டிலேதான் குடியிருந்திருக்கிறது.

அடுத்தது, ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியின் ‘சிறையில் தவம்’. 1921 டிசம்பரிலிருந்து 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையில் அவர் எழுதிய நாட்குறிப்பு இது. தொழிற்சாலையைச் சிறையென்று சொல்லும் அசட்டுத்தனம் எனக்கில்லை. எனினும், உண்பதும் உறங்குவதும் பிறர் வகுத்த மணிக்கணக்கின்படியே நடக்கவேண்டியிருக்கையில் ஒருவன் தன் மனத்தை எவ்விதம் தன் வசத்தில் வைத்துக்கொள்கிறான் என்பதை, இரவு ஷிப்ட் முடித்து வந்து வாசிப்பவன் மற்றவர்களைவிடச் சற்றுக் கூர்மையாகவே உணர்கிறான். அவர் நடையின் சிக்கனம் எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு குரல் மட்டுமே ஒலிக்கும் நூல் அது.

பல குரல்களை நான் கேட்டது, கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறான, பாவண்ணன் தமிழாக்கிய ‘ஊரும் சேரியும்’ நூலில். மாகடிப் பக்கத்துக் கிராமத்தில், நுகத்தடியில் மாடுகளுக்குப் பதிலாக இரண்டு மனிதர்கள் பூட்டப்பட்டிருக்க, மூன்றாமவன் ஏர் பிடித்து உழுகிறான். பூட்டப்பட்ட இருவரில் ஒருவர் தன் தகப்பனார் என்பதைச் சிறுவன் காண்கிறான். இதைச் சொல்லும் ஆசிரியரே அடுத்த பக்கங்களில் நம்மை வாய்விட்டுச் சிரிக்கவும் வைக்கிறார். துயரத்தைக் கண்ணீரால் மட்டுமே எழுத முடியும் என்று எண்ணுகிற நம் எழுத்தாளர்களுக்கு இந்தச் சிரிப்பு நல்ல உபதேசம்.

நாவல்களுக்கு வருவோம். ஓசூரிலேயே வசிக்கும் பா. வெங்கடேசனின் ‘தாண்டவராயன் கதை’ (2008) நம்மை 18ஆம் நூற்றாண்டுக்கு அழைத்துச் செல்கிறது. கதைக்குள் கதையும், வாக்கியத்துக்குள் வாக்கியமுமாக வளரும் அந்த நடை, பொறுமையற்ற வாசகனை நிர்தாட்சண்யமாக வெளியே தள்ளிவிடும்; நானே இருமுறை தள்ளப்பட்டு மூன்றாம் முறைதான் உள்ளே சென்றேன். இதே ஊர்வாசியான ஆதவன் தீட்சண்யாவின் ‘மீசை என்பது வெறும் மயிர்’, சாதிப் பெருமிதத்தைக் கிண்டலால் தோலுரிக்கிறது. அதன் கோபத்தில் குறையில்லை. கதாபாத்திரங்களைவிட ஆசிரியரின் குரல் சில இடங்களில் ஓங்கிவிடுவதே என் மனத்தாங்கல்.

கர்நாடக எல்லைக்கு அப்பாலிருந்து வந்த விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ அளவில் சிறியது; நான் வாசித்தவற்றில் என்னை அதிகம் கலங்க வைத்தது. அகராதியில் இல்லாத, ஒரு வீட்டார் மட்டும் அறிந்த சொல்லே அதன் தலைப்பு. முன்பு எறும்போடு மல்லுக்கட்டிய குடும்பத்தில், மசாலா வியாபாரத்தால் திடீரெனப் பணம் புகுந்தபின், அந்தப் பணத்தைக் காப்பதற்காக எல்லோரும் மெல்லக் குரூரமடைகிறார்கள். நிலம் விற்ற பணத்தில் எழும்பிய மாடி வீடுகளை எங்கள் தெருக்களில் பார்க்கும்போதெல்லாம் அந்த எறும்புகள் ஞாபகத்துக்கு வருகின்றன.

தொழிலாளர் வாழ்வை ஏந்திய நாவல்களும் தமிழில் உண்டு. நெசவாளரின் பசிக்கு ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953லேயே வந்துவிட்டது. திருப்பூர்ப் பனியன் தொழிலுக்கு எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ வாய்த்தது. திண்டுக்கல் தோல் பதனிடுவோருக்கு டி. செல்வராஜின் ‘தோல்’ கிடைத்து, 2012இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்து அனுப்பும் ஓசூரின் ஷிப்ட் வாழ்க்கையை இவ்விதம் முழுதாக ஏந்திய நாவலை நான் வாசித்ததில்லை. இங்கே தொழிற்பேட்டை எழுந்து இரண்டு தலைமுறைதான் ஆகிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இந்த ஊரை ஒரே பாஷையில் நினைத்துப் பார்க்கவும் முடியாது என்பதே.

பஸ்ஸில் என் பக்கத்தில் அமரும், ஓய்வுபெற இன்னும் சில மாதங்களே உள்ள ஒரு பெரியவர், தாம் அப்ரண்டிஸாக வந்த நாட்களைப் பற்றி அன்றொருநாள் சொன்னார். ஆலை நிற்கும் இடம் கேழ்வரகுக் கொல்லையாக இருந்ததாம். அதை விற்ற விவசாயியே பிறகு அதே ஆலையின் வாசலில் காவல்காரராக நின்றாராம். தம் பழைய கொல்லைக்குள் ஒவ்வொரு லாரியாக விட்ட அந்த மனிதர், கேட்டைத் திறக்கும்போது எந்தப் பாஷையில் பேசினார் என்று கேட்டேன். “டிரைவர் எந்த ஊரோ அந்தப் பாஷையில், கேட்டை மூடின பிறகு தனியாகப் பேசிக்கொண்டது மட்டும் தெலுங்கில்” என்றார் பெரியவர். அந்த இரண்டையும் ஒரே தமிழ் வாக்கியத்தில் கேட்கும்படி எழுதுபவரின் நாவலுக்காகவே நான் காத்திருக்கிறேன்.