சூளுரையும் சொல்லும்

மொழிப்புலவர் ஒருவர் கதை புனையப் புகுந்தால் சொல்லே அக்கதைக்கு வித்தாகும். ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பண்டை ஆங்கிலம் கற்பித்த டோல்கீன் (1892–1973) முதலில் மொழிகளைப் படைத்தார். அவற்றைப் பேசுதற்குரிய மாந்தரையும் நிலத்தையும் பின்னரே படைத்தார். அவர் மறைந்தபின் 1977-இல் அவர்தம் மைந்தர் பதிப்பித்த 'சில்மரில்லியன்' அவ்வாறு முளைத்த நூலே. அந்நூலுலகை இசையில் ஏற்ற முனைவோர் சொல்லை எங்ஙனம் பேணுகின்றனர் என வினவுதல் முறையேயன்றோ?

வியன்னா நகரத்துச் 'சம்மனிங்' குழுவினர் இருவர். புரொடெக்டர், சிலேனியஸ் என்னும் புனைபெயர் பூண்டவர். 1993-இல் தொடங்கிய இக்குழுவில் முரசறைவோர் ஒருவரும் இருந்தார். 1995-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தபின் அவர் விலகினார். மற்றொருவரைத் தேடாது, முரசொலியையும் மின்கருவியிலேயே அமைத்துக்கொண்டனர் இருவரும். அக்குறையே பேறாயிற்று! ஹெவி மெட்டல் இசையில், அதிலும் இவர்கள் தோன்றிய கடுமைமிக்க கிளையில், முரசு விரைந்து ஓடுவதே வழக்கம். இவர்கள் முரசோ பழங்காலப் படை மலைகடந்து செல்வதுபோல் தயங்கித் தயங்கி அதிர்கிறது. அதன்மீது எக்காளம் போன்ற ஒலிகளும், அவற்றின்மீது மின்கிதாரின் இரைச்சலும் அடுக்கடுக்காய் எழுகின்றன.

2006-இல் வெளிவந்த 'ஓத் பவுண்ட்' என்னும் தொகுப்பில் எட்டு உருப்படிகள். ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட இசை. சூளால் பிணிப்புண்டோர் என அப்பெயரைத் தமிழில் கூறலாம். அப்பெயர் கேட்டதும் பெயனோரின் கதை நினைவுக்கு வரும். தான் வடித்த மணிகள் மூன்றும் களவு போகவே, அவற்றை மீட்பதாகத் தன் மைந்தர் எழுவருடன் அவன் சூளுரைத்தான். அச்சூள் பகைவரை மட்டுமன்றி உறவினரையும் அழித்தது. இத்தொகுப்பில் ஒரே மெட்டு மீண்டும் மீண்டும் வருவது சலிப்பூட்டுவதாகக் குறை கூறுவர் சிலர். அக்குறை பொருந்தாது. நாவினின்று வெளிப்பட்ட சூளை மீட்க இயலாதவாறு, இங்கு எழுந்த மெட்டும் அடங்க மறுக்கிறது.

குறை வேறிடத்தில் உள்ளது. பாடுவோர் குரல் உறுமலாகவே ஒலிப்பதால், அச்சிட்ட ஏட்டைக் கையில் வைத்தாலன்றிச் சொல் விளங்காது. 'மிர்தௌதாஸ் வ்ராஸ்' என்னும் பாடலுக்கு இது பொருந்தும். ஓர்க் எனப்படும் கொடிய கூட்டத்தாரின் மொழியில் அமைந்தது அது. அம்மொழியில் டோல்கீன் விட்டுச்சென்றவை மிகச் சில சொற்களே. ஏனையவை அன்பர்கள் பின்னர்ப் புனைந்தவை. அங்கே ஓசையே பொருள், உறுமலே இலக்கணம்! ஆனால் 'பெலேரியாண்ட்' அத்தகையதன்று. கடல்கொண்ட நாட்டின் பெயர் அது. ஏக்கம் தோய்ந்த பெயர். குமரிக்கோட்டைக் கடலுக்குப் பறிகொடுத்ததாகப் படித்த தமிழாசிரியர்க்கு அவ்வேக்கத்தை விளக்கவும் வேண்டுமோ? ஆண்டும் அதே உறுமல்தான். வெகுளிக்கும் அதே தொண்டை, அழுகைக்கும் அதே தொண்டை என்றால், மெய்ப்பாடு எங்ஙனம் பிறக்கும்?

இஃது இயலாமையால் நேர்ந்ததன்று என்பதற்கு இறுதிப்பாடலே சான்று. 'லேண்ட் ஆஃப் தி டெட்' பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீள்வது. அதன்கண் பலர் சேர்ந்து பாடுவது போன்ற தெளிந்த குரல் எழுகிறது. உறுமலைக் கேட்டுக் களைத்த செவிக்கு அக்குரல் மனிதக் குரலாகப் படுகிறது. இறந்தோர் நாட்டைப் பாடும் பாடலில்தான் உயிருள்ளோர் குரல் கேட்கிறது. நிலத்தடி அரண்மனையாகிய மெனெக்ரோத்தின் பெயர் தாங்கிய பாடல் அதற்கு முன்னதாகவே அமைந்துள்ளது. அரண்மனை வாயிலிலேயே அக்குரலை எழுப்பியிருக்கலாமே!