ஜீன் கிளார்க்கின் எட்டுப் பாட்டு

பைர்ட்ஸ் பற்றிப் பேச்சு வந்தால் ரோஜர் மெக்வின்னின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிடாரில்தான் போய் நிற்கிறோம். நிற்கட்டும். ஆனால் ஆரம்பத்தில் அந்தக் குழுவின் சொந்தப் பாட்டுகளில் பெரும்பங்கை எழுதியவர், மேடையில் டாம்பரின் தட்டிக்கொண்டு நின்ற ஜீன் கிளார்க். விமானம் ஏறப் பயந்தே 1966-இல் விலகினார். 'எய்ட் மைல்ஸ் ஹை' (எட்டு மைல் உயரத்தில்) எழுதிய கைகளில் ஒன்று அவருடையது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

அவருடைய 'நோ அதர்' ஆல்பம் 1974-இல் வந்தது. வட கலிஃபோர்னியாவில் மெண்டசினோ பக்கம் குடியேறி, பசிபிக் கடலைப் பார்த்தபடி எழுதிய பாட்டுகள். தயாரிப்பாளர் தாமஸ் ஜெஃபர்சன் கே ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தார். கையில் வந்தது எட்டே பாட்டு. அசைலம் கம்பெனியின் டேவிட் கெஃபன் கொதித்துப்போன கதை ஊரறிந்தது. விளம்பரம் செய்யவில்லை. பில்போர்டில் 144-ஆம் இடத்தோடு நின்றுபோனது.

எட்டில் எனக்கு 'ஸ்ட்ரெங்த் ஆஃப் ஸ்டிரிங்ஸ்' ஒன்று போதும். 'சில்வர் ரேவன்' ரசிகர்கள் மன்னிக்க வேண்டும். அது அழகான பாட்டுதான், ஆனால் கேட்ட உடனே பிடித்துவிடுகிறது. 'ஸ்ட்ரெங்த்' அப்படி இல்லை. வெகுநேரம் சொல்லே வராது. பாடகர்கள் வெறும் குரலாலேயே ஏறி இறங்குகிறார்கள். கீழே பியானோ அவசரமில்லாமல் நடக்கிறது. நிதானமாக ராகம் பாடி முடித்துவிட்டுப் பல்லவிக்கு வருகிற பாடகரைப் போல, எல்லாம் ஆன பிறகுதான் கிளார்க் வாய் திறக்கிறார். இசை தன்னை என்ன செய்கிறது என்பதே பாட்டின் பொருள். அதைச் சொல்லும் முன் அந்த இசையை நம் மேல் நடத்திக் காட்டிவிடுகிறார். லீலண்ட் ஸ்க்லாரின் பேஸை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள்: எத்தனை இடங்களில் வாசிக்காமல் விடுகிறார்!

பிறகு அந்தக் குரல். மிசூரி மண்ணின் கன்ட்ரி குரல். வாக்கியத்தின் கடைசியில் லேசாக நடுங்கும். திஸ் மார்ட்டல் காயில் குழுவினர் 1986-இல் இதே பாட்டை எடுத்துப் பாடினார்கள். மூட்டம் போட்ட, கவனமான வடிவம். அதன் வழியாகத்தான் பலர் கிளார்க்கிடம் வந்து சேர்ந்தார்கள் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதில் அந்த நடுக்கம் இல்லை.

என் நண்பர் ஒருவர் 1971-இன் 'ஒயிட் லைட்' கட்சி. ஒரு கிடார், ஒரு ஹார்மோனிகா, ஒரு மனிதன்; அதுதான் நிஜமான கிளார்க் என்பார். 'நோ அதர்' நகை கடையையே பூட்டிக்கொண்ட கல்யாணப்பெண்ணாம். கோரஸ் பெண்களும் மேலே மேலே அடுக்கிய வாத்தியங்களும் சில இடங்களில் அதிகம்தான், தலைப்புப் பாட்டில் முக்கியமாக. ஆனால் 'சம் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்' எட்டு நிமிடம் ஓடுகிறதே, அந்தத் திரளான குரல்களை எடுத்துவிட்டால் அதில் மிஞ்சுவது ஒரு மனிதனின் புலம்பல் மட்டும். எளிமையாக இருந்தால்தான் உண்மை என்பது கிடார் வாசிக்கிறவர்களின் மூடநம்பிக்கை.

2019-இல் 4ஏடி கம்பெனி 'நோ அதர்' ஆல்பத்தை மறுபதிப்புச் செய்தது. நல்ல காரியம். ஒத்திகைப் பதிவுகளையும் சேர்த்துத் தருகிற இக்கால வழக்கம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. எட்டோடு முடித்த மனிதரின் கணக்கை நாம் ஏன் நீட்ட வேண்டும்? இன்றைய கேட்பு முறையோ இதைவிட மோசம். முதல் முப்பது விநாடிக்குள் பாடகர் வரவில்லையென்றால் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. 'ஸ்ட்ரெங்த்' போன்ற பாட்டை இப்போது யாராவது எழுதினாலும் முகப்பை வெட்டச் சொல்லிவிடுவார்கள்.

கிளார்க் 1991-இல், 46 வயதில் இறந்தார். 'நோ அதர்' வந்த 1974 அசைலத்துக்குப் பெரிய வருடம்: ஜோனி மிட்செலின் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்', ஈகிள்ஸின் 'ஆன் தி பார்டர்', ஜாக்சன் பிரௌனின் 'லேட் ஃபார் தி ஸ்கை' எல்லாம் அப்போதுதான் வந்தன. என் கணக்கில் அந்த வரிசையில் 'நோ அதர்'தான் முதலில். மிட்செல் இரண்டாவது.