ஜஸ்பால் பட்டியின் அங்கத மொழி: மொழிபெயர்ப்பு நோக்கில்

நகைச்சுவையின் மொழிபெயர்ப்பு குறித்த விவாதங்கள் பெரும்பாலும் சிலேடையோடு நின்றுவிடுகின்றன. இருபொருள்படும் சொல்லே இடர்ப்பாட்டுக்குக் காரணம் என்னும் எண்ணம் இவற்றின் அடிப்படையாக உள்ளது. பஞ்சாபின் மேடை, தொலைக்காட்சி நடிகர் ஜஸ்பால் பட்டியின் (1955–2012) ஆக்கங்கள் இதனை மறுக்கும் சான்றுகளாகும்.

அமிர்தசரசில் பிறந்து சண்டிகரில் மின் பொறியியல் பயின்ற பட்டி, மாணவப் பருவத்திலேயே 'நான்சென்ஸ் கிளப்' குழுவினருடன் தெருநாடகங்கள் நடத்தினார். 'டிரிப்யூன்' நாளிதழில் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். தூர்தர்ஷனின் 'உல்டா புல்டா' அவரை நாடறியச் செய்தது. ('உல்டா' சென்னைப் பேச்சுவழக்கிலும் உண்டு, இப்பெயரைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை.) மின்வெட்டைப் பொருளாகக் கொண்ட அவரது 'பவர் கட்' திரைப்படம் வெளிவருவதற்கு முந்தைய நாள், 2012 அக்டோபர் 25இல், சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார்.

1989இல் ஒளிபரப்பான 'ஃப்ளாப் ஷோ' பத்துப் பகுதிகளே கொண்டது. எனினும் பட்டியின் மொழித்திறன் முழுமையாக வெளிப்படுவது இதில்தான். பொய்யான மருத்துவச் செலவுப் பட்டியல் கொடுத்துப் பணம் பெறுவதும், ஆய்வு நெறியாளர் தம் மாணவரை வீட்டுவேலைக்கு ஏவுவதும் (ஆய்விதழ் வாசகர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை) இங்கு முறையான அலுவல்களாகவே நிகழ்கின்றன. பட்டி குரலை உயர்த்துவதில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. முறைகேட்டுக்கும் அதனைச் சொல்லும் நடைக்கும் இடையிலுள்ள பொருந்தாமையே நகையை விளைவிக்கிறது.

நகைச்சுவை என்றவுடன் வட்டார வழக்கையோ சென்னைத் தமிழையோ நாடும் மொழிபெயர்ப்பாளர் இங்குத் தவறிவிடுவார். இதற்குரிய தமிழ், 'மேற்படி பொருள் தொடர்பாக', 'ஆவன செய்யப்படும்' என்னும் அலுவலகத் தமிழே. செய்பவரை மறைக்கும் செயப்பாட்டுவினை, பட்டியின் பாத்திரங்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்றது. ஒவ்வொரு பகுதியையும் அது எள்ளும் தரப்பினருக்கே அவர் காணிக்கையாக்கியதும் தமிழில் எளிதாக அமையும். 'சமர்ப்பணம்' என்னும் சொல்லின் பக்தி மணத்தால் குத்தல் சற்றுக் கூடவும் செய்யும்.

தமிழில் ஈடு காண இயலாதவை வேறு. பஞ்சாபி ஒலிப்புச் சாயலுடைய இந்தி அவற்றுள் ஒன்று. அதற்குத் தமிழ்நாட்டு வட்டார வழக்கு எதுவும் நிகராகாது. இந்தித் திரைப்பாடல் மெட்டுகளில் அமைந்த பகடிப் பாடல்கள் மற்றொன்று. மூலப்பாடல் செவியில் ஒலிக்காதவர்க்குப் பகடியும் இல்லை. தமிழ்த் திரைப்பாடலை அவ்விடத்தில் வைத்தால் சிரிப்பு மீளலாம். ஆனால் அப்போது சண்டிகர் அரசு ஊழியர், சென்னைக் கோட்டையின் ஊழியராகிவிடுவார். அப்பாடல்களை மொழிபெயர்க்காது இந்தியிலேயே விட்டு, பொருளை மட்டும் திரையின் அடியில் தருவதே ஏற்புடையது.