தேக்கடியின் மூங்கில் தெப்பம்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பில், குமுளி மலைப்பாதை ஏறியதும் கேரள எல்லைக்குள் விரியும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் தேக்கடி ஏரியில், முற்றிய மூங்கில்களை அடுக்கி வரிந்து கட்டிய மிதவையாகிய தெப்பத்தில் மேற்கொள்ளும் பகற்பயணம், மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்பங்களுள் மிக அமைதியானது எனலாம். இயந்திரமின்றித் துடுப்பால் மட்டுமே தெப்பம் நகர்வதால், கரையில் மேயும் காட்டெருமைகளும் நீரருந்தும் யானைகளும் மிரளாமல் நிற்பதைக் காணும் வாய்ப்பு அமைகிறது. வழிகாட்டிகளாக வருவோர், காட்டையொட்டி வாழும் மக்களுக்குக் காவலிலும் வருவாயிலும் பங்கு அளிக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின் கூரிய கண்ணும் காதும் இல்லையேல் இப்பயணம் பாதிச் சுவையை இழந்துவிடும்.

ஏரியெங்கும் நீருக்கு மேல் நிற்கும் பட்டுப்போன மரங்கள், பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றபோது மூழ்கிய காட்டின் எச்சங்களாகும். பட்டையுதிர்ந்து வெடித்த அவற்றின் உச்சிகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. தெப்பம் மிதக்கும் இந்நீரே மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக லோயர்கேம்ப்பில் இறங்கி, மழைமறைவுப் பகுதியான, அதாவது மலை மழையைத் தடுப்பதால் வறண்ட, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களுக்குப் பாய்கிறது.