பேலியோ வரலாற்றில் கிழங்கைக் காணோம்

பேலியோ உணவுமுறை பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது ஒரு வரலாறு. மனிதன் லட்சக்கணக்கான வருடம் வேட்டையாடித் தின்றான், விவசாயம் வந்து பத்தாயிரம் வருடம்தான் ஆச்சு, அதனால் மாவுச்சத்து நம்ம உடம்புக்கு ஒத்துக்காது என்பார்கள். இந்த வாதத்தைப் பரப்பியதில் லோரன் கார்டெய்ன் 2002இல் எழுதிய 'தி பேலியோ டயட்' புத்தகத்துக்குப் பெரிய பங்குண்டு. தானியம், பருப்பு, பாலோடு உருளை போன்ற மாவுக்கிழங்குகளையும் அது விலக்கச் சொல்கிறது.

தானியத்தை விடுங்க. கிழங்கு என்ன பாவம் செய்தது? தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 1,70,000 வருடங்களுக்கு முன் சுட்ட கிழங்குகள் கரியாகக் கிடைத்திருக்கின்றன. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்றும் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள்.

சரி, தானியத்துக்கே வருவோம். கலிலேயா ஏரிக்கரையில் உள்ள ஒஹாலோவில், 23,000 வருடங்களுக்கு முன் காட்டு பார்லியைக் கல்லில் அரைத்திருக்கிறார்கள். ஜோர்டானின் ஷுபைக்காவில் கிடைத்த ரொட்டித் துணுக்குகளுக்கு வயது 14,400. அங்கே விவசாயம் வர இன்னும் சுமார் நாலாயிரம் வருடம் இருந்தது!

கார்டெய்ன் குழுவின் 2000ஆம் வருடக் கட்டுரையில் ஒரு புள்ளிவிவரம் உண்டு: 229 வேட்டைச் சமூகங்களில் 73 சதவீதம், பாதிக்கு மேல் உணவைக் கறி, மீனிலிருந்து பெற்றன. இந்த எண்கள் மர்டாக்கின் 'எத்னோகிராஃபிக் அட்லஸ்' தொகுப்பிலிருந்து வந்தவை. அதில் இருப்பது பயணிகளும் ஆய்வாளர்களும் சமீப நூற்றாண்டுகளில் எழுதிய குறிப்புகளைப் படித்துப் போட்ட உத்தேச மதிப்பெண். சாப்பாட்டைத் தராசில் நிறுத்த கணக்கு அல்ல. டேட்டா எப்படிச் சேர்ந்ததுன்னு கேட்காமல் ரிப்போர்ட்டை நம்பக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

மாவுச்சத்து நல்லபிள்ளை என்றும் நான் சொல்லவில்லை. மொராக்கோவின் டஃபோரால்ட் குகையில் விவசாயம் அறியாத மக்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. ஓக் மரக் கொட்டைகளைத் தின்றதன் விலை அது.

சர்க்கரை நோயாளி மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை இறங்குவதை குளுக்கோமீட்டரே காட்டிவிடும். அதற்குக் குகைமனிதன் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் எங்கே என்றால், இந்த வரலாற்றை நம்புகிறவருக்கு உணவுமுறை வைத்தியமாக இல்லாமல் வேதமாகிவிடுகிறது. நோயே இல்லாத குழந்தைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விஷமாகத் தெரிகிறது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் டாக்டரிடம் அளவைக் குறைக்கக் கேட்காமலே சோற்றை நிறுத்துகிறார். சர்க்கரை தடாலென்று இறங்கி மயங்கி விழுந்தால், லட்சம் வருட வரலாறு வந்து தூக்கிவிடாது.