பார்ப்பதற்கு எடுக்கும் நேரம்

எல்லார் கையிலும் கமரா இருக்கும் காலத்தில் ஓவியம் எதற்கு? பிரித்தானிய ஓவியர் டேவிட் ஹொக்னி இக்கேள்வியைப் பல தசாப்தங்களாக எழுப்பி வந்தவர். கமரா ஒற்றைக் கண்ணால் ஒரு கணத்தை மட்டும் பார்க்கிறது. மனிதனோ இரு கண்களாலும், நகர்ந்தபடி, நினைவோடு பார்க்கிறான் என்பதே அவரது வாதத்தின் சாரம்.

அவர் கமராவை வெறுத்தவரல்லர். 1982 இல் பொலரொய்ட் படங்களை அடுக்கி ஒட்டி, ஒரே காட்சிக்குள் பல கணங்களைக் கொண்டுவர முயன்றார். 2007 இல் யோர்க்‌ஷயர் மரங்களை 50 கன்வஸ்களில் தீட்டி, ஏறத்தாழ 12 மீற்றர் அகலமான ஒரே ஓவியமாக இணைத்தார்.

இருந்தும் ஓரிடத்தில் நான் அவரோடு முரண்படுகிறேன். மௌத்தாகிவிட்ட என் வாப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒரு கணம்தான். அதற்குள் நான் காணும் காலமோ நீண்டது. காலத்தைச் சேர்ப்பவன் ஓவியன் மட்டுமல்லன்; பார்ப்பவனுந்தான்.

ஆனால் என் வகுப்பறை ஹொக்னியின் பக்கமே நிற்கிறது. மலையே இல்லாத எங்கள் கரையோரக் கிராமத்துப் பிள்ளைகள், காட்சி வரையச் சொன்னால் இரு மலைகளுக்கிடையே சூரியனை வைக்கிறார்கள். ஒருநாள் முற்றத்து வேப்பமரத்தை ஒரு பாடவேளை முழுக்கப் பார்த்து வரையச் செய்தேன். கோடுகள் கோணல்தான். ஆனால் ஒரு பிள்ளையின் தாளில் காகக்கூடு இருந்தது. தினமும் அம்மரத்தின் கீழால் நடக்கும் நான் அதைக் கண்டதில்லை.

பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களுள் நானும் ஒருவன். இனி அதற்கு மனம் கூசும்.